வாங்கில் இருந்த வேந்தர்

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. எனக்குப் பக்கத்தில், ஆறடிக்கு மேல் உயரமான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், கழுத்தில் மாலையும் தோளில் பொன்னாடையுமாக நின்றார். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம் நிறைந்திருந்தது. பின்பக்கச் சமையலறையிலிருந்து ரோல்ஸ் பொரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தும் முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

கிழவர் பேச்சை நிறுத்திவிட்டார். "அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். கதிரையைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினார். அந்தக் கை காற்றில் கொஞ்ச நேரம் துழாவியது.

சபை சிரித்தது என்னைப் பார்த்து. தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படி நினைக்க வைத்தவன் நான். இந்த வாரம் அதை எழுதிவிட வேண்டும்.

ஹொக்கி பேசாத இருவர்

நான் கர்க்லாண்டில் மகள் வீட்டில் இருப்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். குளிர்காலக் காலைகளில் வேலைக்குப் போகிற வழியில் மகள் என்னைக் கடைத்தொகுதியில் இறக்கிவிடுவாள். பனிக்காலத்தில் இந்தப் பக்கத்துக் கிழவர்கள் நடப்பது அதற்குள்தான். நாலு சுற்று நடந்தபின் காப்பிக் கடை முன்னால் கூடுவார்கள். கூடினால் ஹொக்கி. ஆங்கிலத்தில் கொஞ்சம், பிரெஞ்சில் கொஞ்சம், இரண்டிலும் வசவு.

ஒரு மேசையில் மட்டும் உயரமான ஒருவர், நடக்க ஊன்றும் வோக்கரை அருகில் நிறுத்திவிட்டுத் தனியே இருப்பார். ஒருநாள் வேறு இடம் இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தேன்.

"பனிக்கட்டியில் வழுக்குவதை இவர்கள் விளையாட்டு என்கிறார்கள்" என்றார் என்னைப் பார்க்காமலே.

"உங்களுக்கு எது விளையாட்டு?" என்று கேட்டேன்.

"கூடைப்பந்து."

நான் மட்டக்களப்பான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கியவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அமெரிக்க ஃபாதர்மார் வந்து கூடைப்பந்தை ஊன்றிவிட்டுப் போன இடம் அது. இதைச் சொன்னதும், காணாமல் போன தம்பியைக் கண்டதுபோல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பெயர் வெர்னன். தொண்ணூறைத் தாண்டியவர். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் சோளப் பண்ணையில் பிறந்தவர். இரயில்வே வேலைக்காக மொன்றியலுக்கு வந்து, இங்கேயே ஒரு பெண்ணை மணந்து, அவளை அடக்கம் செய்தும் பல வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் அவர் கற்ற பிரெஞ்சு, போன்ஜூர், மெர்சி. மூன்றாவது சொல்லுக்குத் தேவை வரவில்லை என்பார்.

அவரைப் போல எனக்கும் பகலில் பேச ஆள் இல்லை. இரண்டு குளிர்காலம் ஒரே மேசையில் காப்பி குடித்தோம்.

பிறர் கோபத்தில் வாழ்ந்தவர்

அவருடைய ஆட்ட வாழ்க்கையை இங்கே உள்ளபடி தருகிறேன். இம்முறை நம்பலாம்.

பெயர் தெரியாத ஒரு சிறிய கல்லூரி. வெர்னன் உயரமாக இருந்ததால் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த பிறகுதான் அவரால் ஓட முடியாது என்பது தெரிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பந்து ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போவார்களாம்.

ஆனால் ஒன்று அவருக்கு வந்தது. யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று கூடைக்குள் பந்தை எறிகிற ‘ஃபிரீ த்ரோ’. அதையும் எல்லாரையும்போல நெற்றிக்கு மேலே தூக்கி எறியமாட்டார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து, கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவதுபோல மேலே வீசுவார். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பந்து கூடைக்குள் விழுந்துவிடும்.

எதிரணிப் பயிற்சியாளர் நடுவரைத் திட்டினால் தண்டனையாக ஒரு ஃபிரீ த்ரோ கிடைக்கும். அதை எறிய யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்தத் தருணத்துக்காகவே வெர்னனை வைத்திருந்தார்கள். எதிரணிக்காரர் திட்டுவார். ஆட்டத்தில் இறங்காதவர்கள் உட்காரும் வாங்கிலிருந்து வெர்னன் எழுந்து போவார், எறிவார், பந்து விழும், திரும்பி வந்து வாங்கில் உட்காருவார். நாலு வருடமும் இதுதான்.

"அந்த மாநிலத்தில் எந்தப் பயிற்சியாளருக்கு முன்கோபம், எவருக்கு வயிற்றுவலி, எவர் வீட்டில் சண்டை, எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் ஒருநாள். "சாந்தமான மனிதர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அது அவருக்கு விருப்பமான சிரிப்பு.

தலைவர் கேட்ட கேள்வி

எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தும். மறுநாள் பரிசளிப்பு. பரிசளிப்புக்குப் பிரதம விருந்தினர் வேண்டும். வெர்னனின் பெயரை நான் சொன்னேன். என் நண்பர் மேடையில் இருந்தால் எனக்கும் பெருமை என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

சங்கத் தலைவர் அருளானந்தம் என்னிடம் படித்தவர். இப்போது துறைமுகத்துப் பக்கம் பெரிய சாமான் கிடங்கு ஒன்றை நிர்வகிக்கிறார். எதையும் அளந்து பார்க்கிற மனிதர்.

"அமெரிக்காவில விளையாடினவர் எண்டா சரி, சேர். ஆள் கப்டனோ?"

இந்த இடத்தில் நான் ‘இல்லை, வாங்கில் இருந்தவர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

"கப்டன் மாதிரி."

"மாதிரி எண்டா?"

"கப்டன்தான்."

"பெரிய போட்டியள்ல விளையாடினவரோ?"

"ஓம். இறுதிப் போட்டி வரைக்கும்."

"அப்ப பட்டம் ஒண்டு குடுப்பம். ‘கூடைப்பந்து வேந்தர்’. மறுகா ஆரும் ஏன் குடுத்தீங்க எண்டு கேட்டா நீங்கதான் பதில் சொல்ல வேணும், சேர்."

எங்கள் சங்க மேடையில் ஏறியவர் எவரும் பட்டம் இல்லாமல் வீடு திரும்புவதில்லை. முந்திய வருடம் ஒலிபெருக்கி கொண்டுவந்து பூட்டியவர் ‘ஒலிச் செம்மல்’ ஆகிப் போனார். ஆகவே வேந்தர் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அறிமுகவுரையையும் நானே எழுதினேன். எழுத எழுத வெர்னன் வளர்ந்துகொண்டே போனார். இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் அவர் எறிந்த பந்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்.

தமிழ் நீளமான மொழி

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

வாலிப வயதில் எங்கள் கோயிலில் ஓர் அமெரிக்க ஃபாதரின் பிரசங்கத்தைத் தமிழாக்குவது என் வேலை. அவர் சிக்கனமாகப் பேசுகிறவர். ஐந்தாறு வசனத்தில் முடித்துவிடுவார். எங்கள் சனத்துக்கு அது போதாது. சின்னப் பிரசங்கம் கேட்டால், தங்களை மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். ஆகவே நான் நீட்டினேன். அவர் "கடவுள் நல்லவர்" என்றால் நான் மழை, வாவி, மீன்பாடு எல்லாவற்றையும் கொண்டுவந்து கடவுளை நல்லவராக்குவேன்.

ஃபாதருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. "உங்கள் மொழியில் எல்லாமே இவ்வளவு நீளமா?" என்றார்.

"ஓம் ஃபாதர். தமிழ் நீளமான மொழி" என்றேன்.

ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து வளையத்தில் தொங்கிய வலையை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீனவர் ஒருவர் எங்களுக்காக முடிந்து தந்த நல்ல வலை. அடுத்த ஞாயிறு ஃபாதர் ஊதாரி மைந்தனைப் பற்றிப் பேசினார். தமிழில், அந்த மைந்தன் தகப்பன் வீட்டை விட்டுப் போகும்போது ஒரு வலையையும் எடுத்துக்கொண்டு போனான். தகப்பனுக்குச் சொத்து போனதைவிட அந்த வலை போனதுதான் துக்கமாக இருந்தது. மறுநாள் காலையில் வலை கோயில் வாசலில் கிடந்தது.

அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. அந்தக் கோயிலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நானும் ஃபாதரும் மட்டும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மேடையில்

பரிசளிப்பு நாளில் வெர்னனை ரோசலின் கூட்டிக்கொண்டு வந்தாள். கர்க்லாண்டில் அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மன்னார்ப் பெண். அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, மருந்து கொடுப்பவள் அவள்தான். அன்று அவளுக்கு லீவு. ஆனாலும் சேலை உடுத்து, அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வெர்னன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என்ன பேசுவதென்று ஒரு மாதமாகத் தயார் செய்ததாக என் காதில் சொன்னார்.

நான் அறிமுகவுரை வாசித்தேன். கைதட்டல். மாலை. பொன்னாடை. பட்டம். பிறகு அவர் எழுந்தார்.

பிரதம விருந்தினர் வேறு மொழியில் பேசினால் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சபையில் ஆங்கிலம் தெரியாத ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அது விருந்தினருக்குச் செய்யும் மரியாதை. நான் நின்றேன்.

வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் நல்ல ஆட்டக்காரன் அல்ல" என்றார் ஆங்கிலத்தில்.

இப்போதுதான் அவரைச் சக்கரவர்த்தி அளவுக்கு உயர்த்திவிட்டு வந்திருக்கிறேன். எப்படி இறக்குவது?

"தம்மைப் பற்றித் தாமே புகழ்ந்து பேச விரும்பவில்லை என்கிறார்" என்றேன்.

சபையில் ஒரு சின்னச் சலசலப்பு.

"நாலு வருடமும் நான் வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

"நாலு வருடமும் அந்த அணியின் அசையாத தூணாக இருந்தார்" என்றேன்.

சலசலப்பு சிரிப்பானது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சேர், வாங்கு எப்ப தூணானது?"

நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேடையில் பொய் சொல்கிறவனுக்கு இறங்குவதற்குப் படி தெரியாது. வெர்னன் சிரிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். தம் பகிடி எடுபடுகிறது என்று நினைத்தார். குரலைத் தாழ்த்தி அடுத்ததைச் சொன்னார்.

"என் அம்மா ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வந்தாள். அன்று என்னை இறக்கவே இல்லை."

"அவர் ஆட்டத்தைக் கண்டு பெற்ற தாய் ஆனந்தக் கண்ணீர் விட்டார்" என்றேன் நான்.

மண்டபம் இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியவள் ரோசலின்தான். அருளானந்தம் மேடையிலேயே தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். வெர்னன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. தாம் சொன்ன கடைசி வசனம் எது என்பது அவருக்குத் தெரியும். அது பகிடி அல்ல.

ரோசலினுக்கும் பேச்சில்லை

அதன் பிறகு அவர் காப்பிக் கடைக்கு வரவில்லை. முதல் பனி விழுந்தது. ஹொக்கிக்காரர்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். அவருடைய மேசையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் தொலைபேசினேன். எடுக்கவில்லை. நேரே போயிருக்கலாம். நடந்துபோகிற தூரம்தான். வழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் ரோசலின் எடுத்தாள்.

"மாஸ்டர், நீங்க செய்த வேலைக்கு நான்தான் பாடுபடுறன். கிழவன் என்னோட கதைக்கிறாரில்லை. குளிக்க வாங்கோ எண்டாச் சுவரைப் பாக்கிறார். நான் சிரிச்சதைக் கண்டவரெல்லே."

"நீ ஏன் சிரிச்சாய்?"

"உங்கட தமிழுக்குச் சிரிச்சன். அவற்ற அம்மாவுக்கோ சிரிச்சன்? இதை அவருக்கு ஆர் சொல்லுறது? நான் சொன்னா, உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி."

"சொல்லிவிடு."

"சொல்லமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்கோ. இந்தக் கிழமைக்குள்ள வாங்கோ. சாப்பிடவும் கீழ போறாரில்லை. அறைக்குள்ளதான்."

அந்தக் கடைசிச் செய்தி என்னைக் கிளப்பியது. தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகாமல் விட்டால், அது வெறும் கோபமாக நின்றுவிடாது.

மிச்சம் இருந்த பேச்சு

அறையில் ஜன்னலோரம் இருந்தார். நான் உள்ளே போனதும் "மெர்சி" என்றார். அவருடைய பிரெஞ்சில் அதற்குப் போய்விட்டு வா என்று அர்த்தம்.

ரோசலின் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே போகமாட்டாள் என்று அவள் முதுகு சொன்னது.

நின்றபடியே சொன்னேன். "அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் சொன்னதை நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்."

"எப்படி மாற்றினாய்?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தூண். ஆனந்தக் கண்ணீர். பிறகு, மாற்றியது மட்டுமல்ல, முதலிலேயே அறிமுகத்தில் சொன்னதையும் சொன்னேன். கப்டன். இறுதிப் போட்டி. கடைசி நொடிப் பந்து.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிரிக்கவில்லை.

"நான் ஆடிய ஆட்டம் உனக்கு வெட்கமாக இருந்ததா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அது அவருக்கு விளங்கியது.

வெளியே பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அதைப் பார்த்தார்.

"எனக்கு அது ஒருநாளும் வெட்கமாக இருந்ததில்லை" என்றார். "கூட ஆடியவர்கள் கேலி செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அப்போதும் இல்லை. எனக்காக வெட்கப்பட்ட முதல் ஆள் நீதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைத் தமிழில் நீட்டிச் சொல்ல எனக்கு எத்தனையோ வழி தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் வந்தது.

"உட்கார்" என்றார். "மேடையில் நான் முடிக்கவில்லை. இப்போது முடிக்கிறேன். நீ தமிழில் சொல். அவள் சரிபார்ப்பாள்."

ரோசலின் விரிப்பைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "சொல்லுங்கோ மாஸ்டர். பிழை விட்டா நிப்பாட்டுவன்."

அவர் வசனம் வசனமாகச் சொன்னார். நானும் வசனம் வசனமாகச் சொன்னேன்.

பனியில் இரண்டு பஸ் மாறி அம்மா வந்தாள். மற்ற அணியின் பயிற்சியாளருக்குக் கோபம் வந்தால்தான் மகனை இறக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்று வந்தவர் மகா சாந்தமானவர். நடுவர் என்ன சொன்னாலும் தலையாட்டினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்குக் கோபத்தை உண்டாக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"முதலில் அவர் தொப்பியைப் பழித்தாள்" என்றார் வெர்னன்.

"முதல்ல அவற்ற தொப்பியைப் பழிச்சவ" என்றேன்.

பிறகு அவர் ஊரை. பிறகு அவர் மூக்கை. அவர் திரும்பி, "மாலை வணக்கம், அம்மா" என்றார். கடைசியில் அவள் குடைக் கம்பியால் அவர் முதுகில் குத்தினாள். நடுவர் கண்டுவிட்டார். சொந்த ஊர்க்காரர்கள் கலகம் செய்ததற்குத் தண்டனை, மற்ற அணிக்கு ஒரு ஃபிரீ த்ரோ. அம்மாவை வெளியே அனுப்பினார்கள். அந்த ஒரு புள்ளியால் வெர்னனின் அணி தோற்றது.

ரோசலின் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். அவளால் மூச்சு விட முடியவில்லை. வெர்னன் அவள் சிரிப்பதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அவர் எதிர்பார்த்த சிரிப்பு அது. அதற்கு முன்னால் நான் வேறொரு சிரிப்பைக் கொண்டுவந்துவிட்டேன்.

"அந்தக் குடைக்காரி யாரென்று எங்கள் பயிற்சியாளர் அந்த வருடம் முழுக்க விசாரித்தார். நான் வாய் திறக்கவில்லை."

சொன்னேன்.

"அம்மா வெளியே பஸ் தரிப்பில் நின்றாள். பனி கொட்டியது. ‘என்னை அனுப்பின பிறகு உன்னை இறக்கினார்களா?’ என்று கேட்டாள்."

சொன்னேன்.

"இறக்கினார்கள் அம்மா என்றேன். ‘பந்து விழுந்ததா?’ என்றாள். விழுந்தது என்றேன். ‘அப்படியானால் வென்றோம்’ என்றாள். வென்றோம் என்றேன்."

இந்த வசனத்தில் என் நாக்கு நின்றது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை நேர்மையான மனிதருடைய வாயிலிருந்து இப்படி ஒன்று வேண்டாமே என்று பழைய பழக்கம் அரித்தது. ரோசலின் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"வெண்டம் எண்டு சொன்னவராம்" என்றேன்.

வெர்னன் அவளிடம் திரும்பினார். "சரியாகச் சொன்னானா?"

"சரியாச் சொன்னார்" என்றாள் அவள் ஆங்கிலத்தில். பிறகு அவருடைய சப்பாத்தை எடுத்துக் காலடியில் வைத்தாள். "சாப்பிடப் போவமா?"

அவர் மறுக்காமல் காலை நீட்டினார். வோக்கரைப் பிடித்து எழுந்து, கதவுவரை போனவர் அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் காப்பிக்கு வருகிறேன். ஆனால் அந்தக் கப்டன் விஷயத்தை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். "அம்மாவிடம்கூட நான் அவ்வளவு தூரம் போகவில்லை."